பதிமூன்றாம் வரிசை

இடிக்கப் போகிற வீட்டுக்கு யாராவது வெள்ளையடிப்பார்களா? இங்கே அடிப்பார்கள். இருபத்தோரு வருடம் பறந்த விமானம் ஒன்று வரும் வெள்ளிக்கிழமை எங்கோ ஒரு பாலைவனத்தில் போய் இறங்கப் போகிறது. அங்கே இன்ஜினைக் கழற்றுவார்கள், சக்கரத்தைக் கழற்றுவார்கள், மிச்சத்தை ரம்பம் வைத்து அறுப்பார்கள். ஆனால் அது வாடகை விமானம். சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுக்கும்போது பளபளவென்று கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காக, ஹேங்கர் என்கிற விமானக் கொட்டகையில் ஆறு பெண்கள் காலையிலிருந்து துணியும் கையுமாக முட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தி மிளகாயின் அம்மா.

மிளகாய் என்பது ஆவண அறையில் அவளுக்கு வைத்த பெயர். வாயைத் திறந்தால் அடுத்தவர் கண்ணில் நீர் வரும் என்பதால். அவளுக்கு அதில் வருத்தமில்லை. வீட்டில் முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள். சர்க்கரையாக இருந்திருந்தால் எறும்பு மொய்த்தே தின்றிருக்கும் என்பது அவள் கட்சி.

ஹேங்கருக்குப் பக்கத்துக் கட்டடத்தில், மேல்மாடியில், அவள் வேலை. விமானத்தின் காகிதங்களைக் காப்பது. காகிதம் இல்லாத விமானம் வெறும் தகரம். எந்த போல்ட் எந்தத் தேதியில் பிறந்தது, யார் முடுக்கினார்கள், எப்போது மாற்றினார்கள், எல்லாம் தாளில் இருக்க வேண்டும். அந்த விமானத்தில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பிறப்புச் சான்றிதழ் உண்டு. அவள் அம்மாவுக்குக் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இது அவளுக்குத் தோன்றியது.

அவள் மேஜைக்கு எதிரே இருந்த ஜன்னலில் புது டெர்மினல் தெரியும். கண்ணாடி மலை மாதிரி அது தினமும் கொஞ்சம் வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் இரவெல்லாம் பஸ்ஸில் கழுத்து சுளுக்கிப் போனவர்கள் இப்போது பெட்டியை உருட்டிக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார்கள். கல்யாணத்துக்குப் பறந்தார்கள், வேலைக்குப் பறந்தார்கள், சும்மா பார்த்துவிட்டு வரலாமே என்றும் பறந்தார்கள். கூட்டம் கொள்ளவில்லை. சின்ன விமானங்கள் போய், நீளமான புது விமானங்கள் வந்தன. துடைக்கிறவர்களையும் அங்கே மாற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கூட்டத்தில் மொத்தம் பன்னிரண்டு பேர். ஆறு பேர் புது இடத்துக்குப் போய்விட்டார்கள். இந்தக் கடைசி வேலை முடிந்ததும் மீதி ஆறு பேருக்கும் அங்கே உள்ளே நுழையப் புதுப் பாஸ் வரும் என்று பேச்சு.

அன்றைக்கு மத்தியானம்தான் கண்ணாடிக்காரர் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

விமானத்தின் சொந்தக்காரர்கள் அனுப்பிய ஆய்வாளர் அவர். மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. எட்டு நாளாக ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டி, குறையே இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவர். இப்போது முகம் மலர்ந்திருந்தது.

"இந்த விமானத்துல மொத்தம் எத்தனை வரிசைம்மா?"

"முப்பதாம் நம்பர் வரைக்கும் இருக்கு சார். ஆனா இருபத்தொம்பது வரிசைதான். பதிமூணு கிடையாது. ராசியில்லாத நம்பர்னு யாரும் உக்கார மாட்டாங்க. பன்னெண்டுக்கு அப்புறம் நேரா பதினாலு."

"அப்போ இல்லாத வரிசையை இவங்க எப்படித் துடைச்சாங்க?"

மேஜைமேல் அட்டையைப் போட்டார். மாதம் ஒருமுறை விமானத்தை உள்ளே முழுக்கக் கழுவித் துடைக்கும்போது நிரப்புகிற அட்டை அது. எல்லா ரக விமானத்துக்கும் பொதுவாக அச்சடித்தது, ஒன்றிலிருந்து முப்பதுவரை கோடு. பதிமூன்றுக்கு எதிரே ஒரு டிக். பக்கத்தில் நீல மையில் ஒரு கையெழுத்து. அடுத்த அட்டையிலும் அப்படியே. பத்து அட்டை எடுத்து வந்திருந்தார், பத்திலும்.

பின்னாலேயே வந்த மேலதிகாரிக்கு வியர்த்துவிட்டது. "யாரு கையெழுத்து இது?"

மிளகாய் அட்டையைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். இரண்டு மலை, நடுவில் ஒரு வாத்து. அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியும். ஏழு வயதில், அம்மா வேலைக்குச் சேர்ந்த புதிதில், அடுப்படித் தரையில் உட்கார்ந்து, பழைய நோட்டின் பின்பக்கத்தில் அவளே அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த கையெழுத்து அது. 'வாத்துக்கு வால் வேணாம்மா' என்று சொல்லியும் அம்மா வால் போட்டாள். இங்கேயும் வால் இருந்தது.

"ஒரு கோடு பொய்யா இருந்தா மீதியை நான் எதை வெச்சு நம்புறது?" என்றார் கண்ணாடிக்காரர்.

"நம்ப வேணாம் சார், நாங்களே கண்டுபிடிச்சுத் தர்றோம்," என்று மேலதிகாரி அவரை அனுப்பிவிட்டு இவள் பக்கம் திரும்பினார். "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள யாருன்னு எழுதிக் குடு. அந்த ஆளோட பாஸைப் புடுங்கிட்டா விஷயம் முடிஞ்சுடும்."

"யாருன்னு தெரியலைன்னா?"

"பன்னெண்டு பேர் பாஸும் போகும். பொய்க் கையெழுத்துன்னு ஒரு தடவை எழுதிட்டா எந்த ஏர்போர்ட் கேட்டுக்குள்ளயும் விட மாட்டாங்க."

"வெட்டப்போற விமானத்துக்கு இவ்வளவு சத்தியசோதனையா சார்?"

"மிளகாய்," என்றார் அவர், கெஞ்சுகிற குரலில். "அஞ்சு மணி."

ஒருத்தியா, பன்னிரண்டு பேரா. கணக்கு சுலபம்தான். ஒருத்தி அம்மாவாக இல்லாதவரைக்கும்.

அவர்கள் வீட்டில் பதிமூன்று என்பது எண்ணே இல்லை, ஒரு இடம். சீப்பைக் காணோம் என்றால் "பதிமூணுல பாரு" என்பாள் அம்மா. வேலைக்கு மட்டம் போட்டவள் பதிமூன்றில் உட்கார்ந்திருப்பாள். ஒற்றைக் கம்மல், நீல ரப்பர், மழையில் போன செருப்பு எல்லாம் பதிமூன்றுக்குப் போனவை. மிளகாய்க்கு ஏழு வயதிருக்கும்போது, அப்பா எங்கே என்று கேட்டாள். வேறு ஊரில் வேலை என்று கிளம்பியவர் அவர். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "பதிமூணுல" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு கனவு வரும். இப்போதும் வரும். மேகத்துக்குள் ஒரு விமானம் சத்தமே இல்லாமல் நிற்கிறது. பன்னிரண்டாம் வரிசைவரை நடக்கிறாள். அடுத்த அடி வைத்தால் பதினான்கு வந்துவிடுகிறது. திரும்பி வந்தால் பன்னிரண்டு. நடுவில் யாரோ மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. ஒற்றைக் கம்மல் ஆடுகிற சத்தமும். வளர்ந்த பிறகு அந்தக் கனவின்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. குழந்தையிடம் ஓடிப்போய்விட்டார் என்று நேராகச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

அட்டையை எடுத்துக்கொண்டு ஹேங்கருக்கு இறங்கினாள்.

உள்ளே அவ்வளவு பெரிய அமைதி. கூரையின் கண்ணாடிப் பட்டைகள் வழியே வெயில் பாலாக இறங்கி, விமானத்தின் முதுகில் வழிந்து, இறக்கை நுனியில் சொட்டுவது போலிருந்தது. வாலில் இருந்த சின்னத்தை வெள்ளைப் பெயிண்டால் மறைத்திருந்தார்கள். பேர் அழிந்த விமானம். யாருடையதுமில்லை, எங்கிருந்தும் வரவில்லை, சும்மா தூங்குகிறது. படிக்கட்டு ஏறும்போது அதை எழுப்பிவிடுவோமோ என்று அவளுக்குத் தோன்றி, குதிகாலைத் தூக்கி நடந்தாள்.

"ஆபீசர் அம்மா வந்துட்டாங்க, காலைத் தூக்குங்கடி," என்றாள் நெட்டை அக்கா. தலைக்குமேல் பெட்டி வைக்கிற அறைகளை ஸ்டூல் இல்லாமல் துடைக்கக்கூடிய ஒரே ஆள் அவள். "ஷூவுல மண்ணு இருந்தா வெளியில கழட்டிப் போடு மேடம். உங்கம்மா அடிப்பா."

"வெட்டப்போற விமானம்தானே அக்கா."

"அதுக்கு? நாளைக்குப் பசிக்கும்னு இன்னிக்கு நீ சாப்பிடாம இருந்தியா?"

அம்மா எட்டாம் வரிசையில் இருந்தாள். சீட்டுக்கும் சுவருக்கும் நடுவே விரலில் துணி சுற்றி விட்டு, பல் தேய்ப்பதுபோலத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும், "சாப்பிட்டியா?" என்றாள்.

"அம்மா, இது உன் கையெழுத்துதானே?"

அம்மா அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஆமா. வாத்து நல்லா வந்திருக்கு."

"பதிமூணுன்னு ஒரு வரிசை இந்த விமானத்துல கிடையாது. அதைத் துடைச்சேன்னு ஏம்மா கையெழுத்து போட்ட? பொய்க் கையெழுத்துன்னு உன் பாஸைப் புடுங்கப் போறாங்க. பேரை நான்தான் எழுதணும். எழுதலைன்னா இவங்க எல்லாரோட பாஸும் போகும். படிக்கலைன்னா என்ன, கேட்டிருக்கலாம்ல!"

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆறு துணியும் ஒரே நேரத்தில் நின்றன.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பதிமூணு இல்லைன்னு உனக்கு யாரு சொன்னா? வா."

பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். இறக்கைக்கு மேலே அவசர வாசல் இருக்கிற இடம். ஆபத்தில் எல்லோரும் ஓட வேண்டும் என்பதால் இங்கே மட்டும் இடைவெளி அகலம். கனவில் ஒருநாளும் கால் வைக்க முடியாத இடத்தில் மிளகாய் நின்றாள். தரைக் கம்பளம் இங்கே மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது.

"நாங்க பன்னெண்டு பேரு," என்றாள் அம்மா. "ஆறு பேரு மூக்குல இருந்து ஆரம்பிப்போம். ஆறு பேரு வாலுல இருந்து வருவாங்க. அவங்க மூஞ்சி எங்களுக்குத் தெரியாது, எங்க மூஞ்சி அவங்களுக்குத் தெரியாது. குனிஞ்ச தலை. இங்க வரும்போதுதான் தலை முட்டும். 'வந்தாச்சா?'ன்னு நான் கேப்பேன். 'வந்தாச்சு'ன்னு அவங்க சொன்னா விமானம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்குத்தான் அந்த டிக்கு."

"மத்த கோடெல்லாம்?"

"அதெல்லாம் விசில் போடறது." விசில் என்பது மேற்பார்வையாளர். சதா சீட்டியடிக்கிறவர். "நாங்க பக்கெட்டைத் தூக்கறதுக்கு முன்னாடியே, சாயா கைல, ஒன்னுல இருந்து முப்பது வரைக்கும் ஒரே இழுப்புல போட்டுடுவாரு. பதிமூணை மட்டும் விட்டுடுவாரு, அதான் இல்லையேன்னு." அம்மா அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்தத் தாள்ல எங்களுக்குன்னு மிச்சம் இருந்த எடம் அது ஒன்னுதான் பாப்பா. அதுலயும் பொய் எழுதுவேனா?"

"முடியாத அன்னிக்கு?"

"முடியாத அன்னிக்கு எதுக்குப் போடணும்? வேற விமானம் ரிப்பேராச்சுன்னு இதைப் பாதியிலயே இழுத்துட்டுப் போயிருக்காங்க. அன்னிக்கெல்லாம் தலை முட்டல. போடல."

மிளகாய் அந்த வெளுத்த கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்க வேண்டியது வேறொன்று பாக்கியிருந்தது, கேட்டுவிட்டாள்.

"அப்போ அப்பா பதிமூணுலன்னு சொன்னியே?"

அம்மா அவசர வாசலின் ஜன்னலைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "இல்லைன்னு அர்த்தம் இல்லடி. அந்தப் பக்கத்துல இருந்து வரேன்னாரு. இன்னும் வந்து முட்டல."

"பத்தொம்பது வருஷமா காத்துட்டிருக்கியா?"

"எனக்கு வேற வேலையில்லையா? காத்துட்டெல்லாம் இல்ல. டிக் போடல, அவ்வளவுதான்."

மிளகாய் படிகளில் இரண்டிரண்டாக ஏறி ஓடினாள். ஆவண அறையில், அம்மா வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பத்தொன்பது வருடத்து அட்டைகளையும் தரையில் பரப்பினாள். இருநூற்றிருபத்தெட்டு. முட்டி போட்டு, விரல் வைத்து, ஒவ்வொன்றிலும் பதிமூன்றை மட்டும் பார்த்தாள். வாத்து, வாத்து, வாத்து. பிறகு வெறுமை. கையெழுத்து இல்லாத பதிமூன்று. தனியே எடுத்து வைத்தாள். மேலும் ஒன்று. கடைசியில் பதினொரு அட்டை வந்தது. அந்தப் பதினொரு தேதிக்கும் பறப்புப் பதிவேட்டைப் புரட்டினாள். பதினொரு நாளும் வேறு விமானம் பழுதாகி, இதை அட்டவணைக்கு முன்பே இழுத்துப் போயிருந்தார்கள். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. அந்தப் பதினொரு அட்டையிலும் மற்ற இருபத்தொன்பது கோட்டிலும் விசிலின் சிவப்பு டிக் ஒரே இழுப்பில், பறவைக் கூட்டம் மாதிரி, வரிசையாக இறங்கியிருந்தது.

கண்ணாடிக்காரர் நான்கரைக்கு வந்தார். மேலதிகாரி பின்னாலேயே வந்தார்.

"பேரு எழுதியாச்சா?"

"ரெண்டு பேரு எழுதியிருக்கேன் சார்." தாளை நீட்டினாள். "முதல் பேரு எங்கம்மா. அந்தக் கையெழுத்து அவங்களோடது. நான் மகள்ங்கறதையும் எழுதியிருக்கேன், அப்புறம் மறைச்சேன்னு சொல்லக் கூடாது பாருங்க. பதிமூணாம் கோடு வரிசை இல்ல. ரெண்டு பக்கத்து ஆளுங்களும் வந்து சேர்ந்த எடம். சேர்ந்தாத்தான் கையெழுத்து. சேராத பதினொரு நாள் இதோ, பதிவேடு இதோ. பொய் எழுதறவங்க பதினொரு தடவை காலியா விடுவாங்களா? ரெண்டாவது பேரு மேற்பார்வையாளர். அந்தப் பதினொரு நாளும் துடைக்காத வரிசைக்கெல்லாம் டிக் போட்டவரு அவருதான். நீங்க பொய் தேடினீங்க சார். தேடின எடம்தான் தப்பு. இந்தத் தாள்ல உண்மையே அந்த இல்லாத வரிசையிலதான் இருக்கு."

மேலதிகாரி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

கண்ணாடிக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தலைக்கும் தலைக் கண்ணாடியை மூக்குக்கும் மாற்றினார். பதினொரு அட்டையையும் படித்தார், பதிவேட்டைப் படித்தார், மறுபடி அட்டையைப் படித்தார். நேரம் என்னவோ விமானம் மாதிரி வெளியே அசையாமல் நின்றது.

"முப்பது வருஷமா இந்த வேலை பார்க்கறேன்," என்றார். "காலியா விட்ட கட்டத்துக்காக யாரும் எங்கிட்ட சண்டை போட்டதில்லை." அட்டைகளை அடுக்கித் தட்டினார். "பதிமூணைப் பத்தி எனக்குப் புகார் இல்ல. உங்க அம்மா பாஸு, அவங்க கூட்டத்துப் பாஸு எதையும் தொட வேணாம். ரெண்டாவது பேரை நான் பார்த்துக்கறேன். ஆனா ஒன்னு. இன்னிக்குத் துடைக்கறாங்களே, அந்தக் கடைசி அட்டை? இப்போ எனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. பதிமூணு காலியா இருந்தா விமானத்தை வாங்கிக்க மாட்டேன்."

மேலதிகாரி துள்ளி எழுந்தார். "உடனே போட்டு வாங்கிட்டு வந்துடும்மா!"

அம்மா போட மாட்டேன் என்றாள்.

"வால் பக்கத்து ஆறு பேரும் புது இடத்துக்குப் போயிட்டாங்க. நாங்க ஆறு பேரும் சேந்து இப்பத்தான் பதினொன்னுல வரோம். பின்னாடி ஒரு வரிசையும் ஆகல. யாரு வந்து முட்டுவா? எப்படிப் போடறது?"

"அம்மா, ஒரு கையெழுத்தும்மா!"

"நீதானே சொன்ன, பொய்க் கையெழுத்து போடக் கூடாதுன்னு?"

நெட்டை அக்கா சிரித்த சிரிப்பு விமானத்தின் வால்வரை போய்த் திரும்பியது. "மிளகாய் யாரு வீட்டுத் தோட்டத்துல காய்ச்சதுன்னு இப்போ தெரியுதா?"

மிளகாய் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையில் போட்டாள். ஒரு பக்கெட்டை எடுத்தாள். "ஒருத்தி போதுமா, ஆறு பேர் வேணுமா?"

"துடைக்கத் தெரிஞ்ச ஒருத்தி போதும். உன்னை மாதிரின்னா ஆறு பேரு வேணும்," என்றாள் அம்மா. ஆனால் அவள் கண்ணைக் காட்டியதும் மூன்று பேர் துணியை எடுத்துக்கொண்டு மகளோடு வால் பக்கம் போனார்கள்.

முப்பதாம் வரிசையில் முட்டி போட்டாள். குனிந்ததும் உலகம் சின்னதாகிவிட்டது. சீட்டின் கால், கம்பளம், ஒரு ஜன்னலின் வெளிச்சம். சுவரின் மடிப்பில் விரலைவிட்டுத் தேய்த்தாள். எத்தனை பேர் இங்கே நெற்றியைச் சாய்த்திருப்பார்கள்; ஜன்னலில் அந்த இடம் மட்டும் மங்கியிருந்தது. மூச்சுக்காற்று படிந்த மங்கல். துடைத்தாள். இருபத்தேழு. இருபத்தாறு. முதல்முறை பறந்தவர்கள், கைப்பிடியை இறுக்கிப் பிடித்து வழவழப்பாக்கியவர்கள், கண்ணை மூடிக்கொண்டு அம்மாவை நினைத்தவர்கள். எல்லோரும் இறங்கிப்போய்விட்டார்கள், சூடு மட்டும் சீட்டில் இருந்தது. அது வெயிலாகவும் இருக்கலாம். வெயில் ஜன்னல் ஜன்னலாக அவளுக்கு முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது, அவளைக் கூட்டிக்கொண்டு போவது போல. ஓரிடத்தில் விமானம் லேசாக அசைந்தது. ஹேங்கர் கதவை யாரோ திறந்திருப்பார்கள், காற்று. ஆனாலும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தரை விட்டுப்போன மாதிரி வயிற்றில் ஒரு லேசு. பத்தொன்பது வருடமாக அம்மா நிற்கிற விமானத்திலேயே இப்படிப் பறந்திருப்பாளோ?

பதினெட்டு. பதினேழு. முட்டி எரிந்தது. இடுப்பு தனியாகக் கழன்று வந்துவிடும்போல் இருந்தது. மற்ற மூவரும் இடைவழிக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தமாக மட்டும் கூடவே வந்தார்கள். பதினைந்து. பதினான்கு. குனிந்த தலை எதிலோ போய் முட்டியது.

நிமிர்ந்தாள். இன்னொரு தலை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அம்மா.

இறக்கையின்மேல் விழுந்த வெயில் திரும்பி உள்ளே வந்து இருவர் முகத்திலும் ஆடியது.

"வந்தாச்சா?" என்றாள் அம்மா.

"வந்தாச்சு."

"இருபத்திரண்டுல சீட்டுக்கு அடியில பார்த்தியா? அங்க எப்பவும் மிட்டாய்க் காகிதம் இருக்கும்."

மிளகாய் முறைத்தாள். பிறகு எழுந்துபோனாள். இருந்தது. காகிதத்தை உள்ளங்கையில் கசக்கி எடுத்துக்கொண்டு, இரண்டாம் முறையாக நடந்து வந்து, வெளுத்த கம்பளத்தில் அம்மா பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

அம்மா பேனாவைக் கேட்டு வாங்கினாள். தொடையில் அட்டையை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, முதல் மலையை வரைந்தாள். அடுத்த மலை. நடுவில் வாத்து. கொஞ்சம் யோசித்துவிட்டு வாலையும் போட்டாள்.